பேர் கேட்டால் உன் பேரைச் சொல்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்டுக்கொண்டே கொழும்பு ரசிகர் மாநாட்டைப் பற்றிச் சொன்னபோது நான் பாதிச் சோற்றோடு எழும்பிப் போய்க் கை கழுவினேன். நான் கோபித்துக்கொண்டு எழும்பினேன் என்று நீ நினைத்திருப்பாய். பின்னேரம் களுவாஞ்சிக்குடி பஸ்ஸுக்குப் புறப்படும்போது அம்மாவிடம் மட்டும்தான் "போயிட்டு வாறன்" என்று சொன்னாய். அதில் உன்னில் பிழையில்லை. ஆனால் நான் எழும்பியது கோபத்தினால் அல்ல. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை அம்மாவுக்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. நேரில் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்லலாம் என்று மூன்று நாளாக யோசித்து, இன்றைக்குத்தான் கதிரையை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீண்ட கடிதமாக வரும். பொறுமையாக வாசி.

உனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. களுவாஞ்சிக்குடியில் தங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறாய். உங்கள் ரசிகர் மன்றத்துப் பொடியன்கள் உன்னைக்கொண்டு ஒன்பது முழத்தில் பதாகை கீறுவித்திருக்கிறார்கள் என்றும், அதைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் கோச்சியில் போகப் போகிறீர்கள் என்றும், நீங்கள் கொண்டாடுகிற அந்த நடிகரின் ரசிகர்கள் நாட்டின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் வருகிறார்கள் என்றும் மிச்சத்தை அம்மாதான் எனக்குச் சொன்னாள். முதல் தரம் போகிறாய். அதனால் சின்னச் சின்ன விசயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டை ஸ்டேசனில் கோச்சியை விட்டு இறங்கியதும் வயிறு நிறையச் சாப்பிடு. மண்டபத்துக்குள் போன பிறகு உனக்குப் பசி ஞாபகம் வராது, வந்தாலும் வெளியே வர வழி கிடைக்காது. புதுச் சப்பாத்துப் போடாதே, நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். எட்டுப் பேரும் பிரிந்துபோனால் எந்த இடத்தில் சந்திப்பது என்று உள்ளே போக முதலே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் நடிகருக்குப் போட்டியான மற்ற நடிகரின் ஆட்கள் வாசலில் நின்று எதையாவது சொல்வார்கள். சொல்லட்டும், நீ உள்ளே போ. பதாகையை மேடையில் ஓடித் திரிகிறவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. எங்கே போட்டோம் என்று அவர்களுக்குப் பின்னேரமே மறந்துவிடும். நீயே மடித்து எடுத்து வா. நடிகர் வருவார் என்று சொல்லியிருப்பார்கள். வராமலும் போகலாம். வராவிட்டால் வளர்ந்த ஆம்பிளைகள் அழுவதையும் பார்ப்பாய். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதே.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நானும் போனவன் மகன். உன் வயதில், இதே மாதிரி ஒரு மாநாட்டுக்கு, இதே கோச்சியில் போனவன்.

இதை நீ நம்புவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது உன் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் நடிகர்களின் படங்களைப் பசை பூசி ஒட்டி வைத்திருந்தாய். நான் ஒரு நாள் அதைக் கண்டு, நகத்தால் கிழித்தெடுத்து, குசினி அடுப்பில் போட்டேன். படம் பார்த்துத் திரிகிற பிள்ளை எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். நீ அழவில்லை. கடைசிப் படம் எரிந்து முடியும் வரைக்கும் அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு நீ என்ன கீறினாலும் எனக்குக் காட்டியதில்லை. நீ அதை மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் எரித்தது உன்னுடைய படங்களை. ஆனால் என் கோபம் உன்மேல் இருந்ததில்லை. அது யார்மேல் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞனாகச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பாடி நடிக்கிற ஒரு நடிகர் அப்போது எங்களுக்குச் சாமி மாதிரி. அவர் படம் டவுனுக்கு வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பேன். ரசிகர்களுக்கென்று ஒரு பத்திரிகை வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கடித நண்பர்களின் விலாசங்களைப் போடுவார்கள். என் விலாசத்தையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு எழுதியவர்களில் ஒருவர் மாரிமுத்து. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதினார். அச்சில் வார்த்த மாதிரிக் கையெழுத்து. ஒரு பாட்டை எடுத்தாரென்றால், எந்த இடத்தில் நடிகர் மூச்சை விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்று அரைப் பக்கம் எழுதுவார். தோட்டத்தில் வேலை என்று எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த எனக்கு, அவர் தோட்டத்துக் கந்தோரில் கதிரையில் இருக்கிற ஒருவர் என்று தோன்றிவிட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் எழுதினோம். இரண்டாம் வருடம் என் அப்பா காலமானார். அவர் வாவியில் வலை போட்டுப் பிழைத்தவர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் கந்தோரில் ஒருவருக்கும் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கு, அப்பாவுக்கு ஒள்ளுப்பம் காணி, ஒரு சின்ன வயல்துண்டு, இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் அவர் செத்தபோது கந்தோர்க்காரர்கள் வந்துவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். எட்டாம் நாள் உட்கார்ந்து மாரிமுத்துவுக்கு எழுதினேன். தோணி, வலை, அப்பாவின் உப்புப் பூத்த கால்கள், நான் சொல்லித் திரிந்த பொய், எல்லாவற்றையும் எழுதினேன். வேறு ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை என்றும் எழுதினேன். நாலு பக்கத்தில் பதில் வந்தது. ஆறுதல் சொல்லுகிறேன் என்று பெரிய பெரிய சொற்கள் ஒன்றும் அதில் இல்லை. தோணியை உடனே விற்க வேண்டாம், ஒரு மாரிமழைக் காலம் போகட்டும், பார்க்க ஒன்று கரையில் இருப்பது உங்களுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். நான் அப்படியே செய்தேன். அந்த மாரி முழுக்கக் கந்தோர் விட்டதும் வாவிக் கரைக்குப் போய்த் தோணியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அந்த வருடம் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்படியிருக்கத்தான் கொழும்பில் மாநாடு என்று அறிவித்தார்கள். கட்டாயம் வாருங்கள், நேரில் காணுவோம் என்று இருவரும் எழுதிக்கொண்டோம். ஒருவரின் முகம் மற்றவருக்குத் தெரியாது. மட்டக்களப்பு ஆட்கள் நிற்கிற இடத்துக்கு வந்து உங்கள் பேரைச் சொல்லிக் கேட்பேன் என்று அவர் எழுதினார். நான் கந்தோர் நண்பர்களோடு போனேன். அதில் தேவராசன் என்று ஒருவன். நல்ல குடும்பம், நல்ல இங்கிலீஷ், அவன் ஒரு பகிடி விட்டால் கந்தோரே சிரிக்கும். அவன் என்னை நண்பன் என்று பக்கத்தில் வைத்திருந்ததே எனக்கு ஒரு உத்தியோக உயர்வு மாதிரி இருந்தது. அந்தப் பயணத்துக்கென்று வெள்ளை லோங்ஸ் காற்சட்டை ஒன்று தைப்பித்தேன்.

மண்டபத்தில் சனம் நெருக்கி நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போனது. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஊர்ப் பேரை எழுதிய தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களுடைய தட்டிக்குக் கீழே நாங்கள் ஏழு பேர். நான்தான் அவரை முதலில் கண்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். ஆரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோள் இரண்டும் தொங்கியது. வேட்டி. காலில் செருப்பு இல்லை, குதிக்கால் வெடித்திருந்தது. விரல் நுனிகள் தேயிலைக் கொழுந்தின் சாயத்தில் கறுத்திருந்தன. கையில் நீலத் துணியில் சுற்றிய ஒரு கனத்த புத்தகம். தட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டமாக வந்தார். அவர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தேவராசன் என் காதுக்குள், "ஆரோ தோட்டத்தில இருந்து நம்மளத் தேடி வாறார் போல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதில் ஒரு நக்கலும் இல்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் என் கை தானாக வெள்ளை லோங்ஸின் மடிப்பை நேராக்கியது. மாரிமுத்து நேரே என்னிடம்தான் வந்தார். ஏழு பேரில் என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"நீங்கள்லாம் மட்டக்களப்புங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். என் பேரை முதலெழுத்தோடு முழுதாகச் சொல்லி, நாவற்குடாவில் இருந்து அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

"அவர் வரல்ல" என்றேன். "காய்ச்சல்."

அவருடைய முகம் மாறிய விதத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். வராமல் விட்டுவிட்டாரே என்ற கவலை இல்லை அது. காய்ச்சல் கடுமையா, ஆஸ்பத்திரிக்குப் போனாரா, வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறதா, அப்பாவும் இல்லையே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சொன்னேன். மறுகா, கேட்டு முடிந்த பிறகு, அவர் அந்தப் புத்தகத்தை என் கையில் வைத்து, இதை அவரிடம் சேர்த்துவிடுவீர்களா என்று கேட்டார். சேர்ப்பேன் என்றேன். "ஒங்க பேரு என்னங்க?" என்றார். வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். தங்கராசா. அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "தங்கராசா, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சனத்துக்குள் போனார்.

நடிகர் வரவில்லை. அவர் எழுதியது என்று ஒரு கடிதத்தை மேடையில் ஆரோ வாசித்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பி வரும்போது கோச்சியில் தேவராசன் என் பக்கத்தில் வந்து இருந்து, அந்த மனுசன் கேட்டது உன்னைத்தானே, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். நான் புத்தகத்தை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒருத்தர் அவ்வளவு தூரத்தில இருந்து புத்தகம் சுமந்து வந்திருந்தா நான் கட்டிப் பிடிச்சிருப்பன்" என்றான். ஆருக்குப் பயந்து நான் என் பேரை மறைத்தேனோ அவனே இப்படிச் சொன்னான். மகன், நாங்கள் பயப்படுகிற ஆட்கள் பெரும்பாலும் எங்களைக் கவனிக்கிறதேயில்லை. அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நாங்களே நினைத்து, நாங்களே வெட்கப்பட்டு, அதற்கான விலையை இன்னொருவர் தலையில் வைக்கிறோம்.

புத்தகத்தை வீட்டில் பிரித்துப் பார்த்தேன். அந்த நடிகர் பாடிய பாட்டுகள் அத்தனையையும் தன் கையால் எழுதியிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அதை எங்கே, எப்போது முதலில் கேட்டார் என்று ஒரு வரி. இரண்டு வருட வேலையாக இருக்கும். ஒரு கிழமை போக அவருடைய கடிதம் வந்தது. காய்ச்சல் எப்படி இருக்கிறது, புத்தகம் கிடைத்ததா, உங்கள் ஊர்த் தங்கராசா தங்கமான மனிதர், முன்பின் தெரியாத எனக்காக அந்தப் பாரத்தைச் சுமக்கச் சம்மதித்தார், அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். பேனையை எடுத்து, புத்தகம் கிடைத்தது, காய்ச்சல் சுகம், தங்கராசாவிடம் சொன்னேன் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் தங்கராசா சுகமா என்று கேட்பார். நான் தங்கராசாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன், கல்முனைக்கு மாற்றம் கொடுத்தேன், ஒரு பெண்பிள்ளையும் பிறப்பித்தேன். சிரிப்பாக இருக்கிறதா? எழுதிய கடிதத்தை உடனே ஒட்டிவிடுவேன், திரும்பி வாசிக்க மாட்டேன். நீ பிறந்தபோது அவர் வாழ்த்து எழுதினார். உன் பேரில் தொடங்கும் ஒரு பாட்டை எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் போட்டேன். அடுத்ததற்குப் போடவில்லை. அவர் இன்னும் நாலு கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நானும் படம் பார்ப்பதை விட்டேன். பாட்டுக் கேட்டால் எழும்பிப் போவேன். அந்தப் புத்தகத்தை மட்டும் அலுமாரிக்கு மேலே, பழைய துணிகளுக்குக் கீழே வைத்தேன். உன் பெட்டி மூடியில் அந்தப் படங்களைக் கண்டபோது எனக்கு வந்த கோபம் எங்கே இருந்து வந்தது என்று இப்போது உனக்கு விளங்கும். விளங்கினால் போதும். அதை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையின் பொருளை எரித்தவன் எரித்தவன்தான்.

நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, மாரிமுத்துவிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. அதே கையெழுத்து. தோட்டத்து ஆட்களை அரசாங்கம் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்புகிறது, கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பிறந்த மண்ணை விட்டு, கண்ணால் கண்டிராத ஊருக்குப் போகிறோம், போக முதல் உங்களுக்கு ஒரு சொல் எழுதாமல் போக மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், தங்கராசாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மண்டபத்தில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். தங்கராசா என்று ஒருவர் இல்லை, அது நான்தான் என்று எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. இது அவர் எழுதியது, எனக்கு மனப்பாடம்: "உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நீங்கள் வரவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தத் தங்கராசாவைப் பற்றி என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உலகத்தில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் அவர்களை வளர்த்தேன். இப்போது அப்படி ஒருவர் இல்லை என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு அவர் இருக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நான் நினைத்திருந்தேன். என்னுடைய பாரத்தைத் தூக்கி, ஊரைவிட்டுப் போகிற ஒருவரின் தலையில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாள் லீவு எடுத்தேன். அம்மாவிடம் கந்தோர் வேலையாகப் பதுளைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறினேன். தோட்டத்தைக் கண்டுபிடித்து, அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு நடந்து போகும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. வாசலில் மூன்று தகரப் பெட்டிகள் கயிறு கட்டி வைத்திருந்தன. பாதிச் சாமான்களை விற்றுவிட்டிருந்தார்கள். மாரிமுத்து குனிந்து ஒரு பெட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் காண அவருக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"வாங்க தங்கராசா" என்றார்.

நான் வாயைத் திறக்க முதல் உள்ளே திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒரு பெண்பிள்ளையும் இரண்டு பொடியன்களும் வந்தார்கள். "இவருதான் அந்த மாமாவாப்பா?" என்று பெண்பிள்ளை கேட்டாள். "ஆமா, புத்தகத்தப் பத்திரமா கொண்டுபோய்ச் சேத்தவரு" என்றார். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவருடைய மனைவி, விற்காமல் வைத்திருந்த ஒரேயொரு நல்ல கோப்பையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். என் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில், கொழும்பு மண்டபத்தில், அன்றைக்கு நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் சொல்ல நினைத்தாலும் சொல்ல வழியில்லாமல், இல்லாத ஒருவருடைய பேரில் உட்கார்ந்து, அவருக்குரிய மரியாதையை வாங்கிக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாரிமுத்து, பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "ஒங்க ஊர்ல எனக்கு ஒரு நண்பர் இருந்தாரே, அவரு எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"சுகமா இருக்கார்" என்றேன். "ஆனா உங்களிட்ட வர வெக்கப்படுறார். அண்டைக்கு மண்டபத்தில அவரும் நிண்டவர். உங்களக் கண்டும் காணாத மாதிரி நிண்டுட்டார். அத நினைச்சுத்தான் காயிதம் எழுதாம விட்டவர்."

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அவரு அப்பா செத்தப்ப எனக்குத்தான் எழுதுனாரு. வேற ஒருத்தருக்கும் எழுதலன்னு சொன்னாரு. அந்த மனுசன் இப்படிச் செய்வாருன்னு நான் நெனைக்கல."

"அவரும் நினைக்கல்ல" என்றேன்.

"கோவம் இருக்குன்னு சொல்லுங்க" என்றார். "போகப் போகக் கொறையும்னும் சொல்லுங்க."

வெளிக்கிடும்போது தெருத் திருப்பம் வரைக்கும் கூட வந்தார். பிள்ளைகள் லயத்து வாசலில் நின்று கை காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்று, என் பேரைச் சொன்னார். என் சொந்தப் பேரை. "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். எத்தனையோ கடிதங்களில் அவர் எழுதிய பேர். அதை முகத்துக்கு நேரே அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். இராமேஸ்வரத்துப் பக்கம் இறங்கியதாக ஒரு தபாலட்டை வந்தது. அதில் இருந்த விலாசத்துக்கு நான் எழுதிய மூன்று கடிதமும் திரும்பி வந்தன. இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று தெரியாது.

மாநாட்டுக்குப் போகிற உனக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அங்கே நீ பார்க்கப் போவது நடிகரை இல்லை. அவர் வந்தாலும் மேடையில் ஒரு விரலளவுதான் தெரிவார். நீ பார்க்கப் போவது உன்னைப்போலவே அவர்மேல் பைத்தியமாக இருக்கிற ஆயிரம் பேரை. அதில் ஒருவர் வந்து, நீங்கள்தானா அந்தப் பதாகை கீறியவர் என்று கேட்கலாம். அவர் எந்த உடுப்பில் வருவார், எந்தப் பேச்சுப் பேசுவார், உன்னோடு நிற்கிறவர்கள் அவரைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. பேர் கேட்டால் உன் பேரைச் சொல். அவருடைய பேரைக் கேள். இரண்டையும் அந்த இடத்திலேயே, மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல். சாப்பிட அழைத்துக்கொண்டு போ. விலாசத்தை எழுதி வாங்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதா விடுவதா என்று இப்போதும் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். போன அறுவடையின்போது, அம்மாவின் சீதனக் காணி இருக்கிற கிரான் வயல் வட்டையில் இருந்து நான் சாக்கோடு பஸ்ஸில் வந்து டவுனில் இறங்கினேன். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தேன், காலில் சேறு காயவில்லை. தியேட்டருக்கு முன்னால் உன் கூட்டாளிகளோடு நீ நின்றாய். என்னைக் கண்டாய். கண்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றாய். நான் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தால் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை மகன். அப்படித் திரும்பி நிற்கிறவனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு உனக்காகத்தான் கவலைப்பட்டேன். அதைப்பற்றி நீ எனக்குப் பதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

அடுத்த கிழமை சனிக்கிழமை நீங்கள் வெளிக்கிடும்போது ஸ்டேசனுக்கு வர எனக்கு ஆசை. அம்மா உங்கள் எட்டுப் பேருக்கும் சோறு கட்டித் தருகிறேன் என்கிறாள், அதைக் கொண்டு வர ஆள் வேண்டும். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு வட்டையில் வேலை இருக்கிறது, வீட்டு வாசலில் சோற்றை வாங்கிக்கொண்டு ஓடி வரத்தான் நேரம் இருக்கும், உடுப்பு மாற்ற நேரம் இராது. வர வேண்டாம் என்று நீ நினைத்தால் ஒரு வரி எழுதிப் போடு. சோற்றை வேறு ஆரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். அதற்காக நான் உன்னில் ஒரு குறையும் பிடிக்க மாட்டேன். நீ ஒன்றும் எழுதாவிட்டால், நான் வருவேன்.

அப்பா